காரில் 14 இஞ்ச் டயரை எடுத்துவிட்டு 15 இஞ்ச் போட்டால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா?

டயரின் மொத்த உயரம் மாறினால் காட்டும். ரிம் 14-ஆ 15-ஆ என்பதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. நீங்களும் என்னைப் போல ஸ்விஃப்ட்டின் விலை குறைந்த ஆரம்ப மாடலை வாங்கிவிட்டு, பிறகு அலாய் வீல் போட ஆசைப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் காரோடு வந்தது 165/80 ஆர்14. அகலம் 165 மி.மீ., அதில் 80 சதவீதம் பக்கச்சுவர்; அதாவது 132. மேலும் கீழும் சேர்த்து 264, நடுவில் ரிம் 355.6. ஆக 619.6 மி.மீ. கடையில் எனக்கு 15 இஞ்ச் அலாயோடு 205/65 ஆர்15 மாட்டிவிட்டார்கள். முதல் தலைமுறை இன்னோவாவில் வந்த சைஸ் அது. கணக்குப் போட்டால் 647.5. நாலரை சதவீதம் அதிகம். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் கார் அந்த அளவு கூடுதலாக ஓடும், மீட்டரோ பழைய கணக்கிலேயே எண்ணும்.

வேகத்தில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. முன்பு மீட்டர் 100 காட்டினால் போனில் ஜிபிஎஸ் 95 காட்டும். டயர் மாற்றியபின் 99. உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐ.நா. வாகன விதி 39. அதனால் கம்பெனியே கொஞ்சம் கூட்டித்தான் வைக்கிறது. "மீட்டர் இப்போதுதான் சரியாக இருக்கிறது" என்று நண்பர்கள் சொன்னதை நானும் நம்பினேன்.

அடி விழுந்தது மைலேஜில். 19 கொடுத்த வண்டி 17.5-க்கு இறங்கியது. பெட்ரோல் பங்க்கை மாற்றினேன். பல வருடமாக என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் குரலை உயர்த்திப் பேசிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. கடைசியில் மதுரை போகும் வழியில் கிலோமீட்டர் கல்லை எண்ணிக்கொண்டே போனேன். கல் கணக்கில் 50, தூரம் எண்ணும் ஓடோமீட்டரில் 47.9. கம்பெனி கூட்டி வைப்பது வேகத்தில்தான், தூரத்தில் இல்லை. திருத்திப் போட்டால் மைலேஜ் 18.3. இறங்கியதில் பாதி, மீட்டர் எண்ணாமல் விட்ட தூரம். மீதி, அகல டயர் உண்மையிலேயே குடித்த பெட்ரோல்.

அந்தக் கல்லை எண்ணப் பட்ட பாடு தனி. மஞ்சள் தலைக் கல்லில் பாதிக்கு மேல் கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து, கட்சி மாநாடு என்று சுவரொட்டி. ஊர் பெயரும் தெரியவில்லை, தூரமும் தெரியவில்லை.

"டயர் தேய்ந்தாலும்தான் அளவு மாறும்" என்று சிலர் கருத்துப் பெட்டிக்கு வருவார்கள். உண்மைதான். டயரில் தரையைத் தொடும் பட்டன் 8 மி.மீ. உயரத்திலிருந்து 1.6-க்குத் தேய்ந்தால் இரண்டு சதவீதம் குறையும். ஆனால் அது மெல்ல நடப்பது, மீட்டரைக் கூட்டித்தான் காட்ட வைக்கும். நான் சொல்வது நேர் எதிர்.

ஸ்விஃப்ட்டின் மேல் மாடலில் கம்பெனியே 185/65 ஆர்15 போடுகிறது. உயரம் 621.5, உங்கள் டயரோடு இரண்டு மி.மீ.தான் வித்தியாசம். அதையே கேட்டு வாங்குங்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாலும் உரசாது; என்னுடையது உரசியது.

நானும் பிறகு அதற்கே மாறினேன். அதற்குள் 11,000 கி.மீ. ஓட்டியிருந்தேன். மீட்டரில் ஏறாமல் போன அந்த 500 கி.மீ.யைச் சேர்த்துத்தான் இன்றும் ஆயில் மாற்றுகிறேன்.