தசை போகாமல் கொழுப்பைக் குறைக்க சாப்பாட்டைக் குறைப்பதா, கார்டியோவைக் கூட்டுவதா?

கேட்டவரின் நிலைமை இது: எடை 80 கிலோ, இரண்டு வருடமாக வெயிட் பயிற்சி செய்கிறார். பல்க் (தசை ஏற்றுவதற்காக அதிகம் சாப்பிடும் காலம்) முடிந்தபோது தசையோடு சேர்ந்து இடுப்பில் டயரும் விழுந்துவிட்டது. ஜிம்மில் ஒருவர் "சாப்பாட்டைப் பாதியாக்கு" என்கிறார். இன்னொருவர் "சாப்பாட்டில் கை வைத்தால் தசை கரைந்துவிடும், தினமும் ஒரு மணி நேரம் டிரெட்மில்லில் ஓடு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

முதலில் தட்டில் கை வையுங்கள், அதாவது சாப்பாட்டைக் குறையுங்கள். கார்டியோவை (நடை, ஓட்டம், சைக்கிள் போன்றவை) கையிருப்பாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். வெயிட் பயிற்சியைக் கொழுப்பு எரிக்கும் வேலைக்கு இழுக்காதீர்கள். தட்டைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லை வந்ததும் முறை மாற வேண்டும். அது எங்கே வரும் என்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்கு முன் கொஞ்சம் கணக்கு.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. வாரம் அரைக் கிலோ போக வேண்டுமென்றால் நாளுக்கு சுமார் 550 கலோரி குறைய வேண்டும். தட்டில் 550 என்பது 60 கிராம் எண்ணெய். அதையே நடந்து கழிக்கப் பார்த்தால், 80 கிலோ ஆள் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது 280 போல வரும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 80 செலவாகியிருக்கும். ஆக நடையால் கிடைத்தது 200. மொத்தத்தையும் நடந்தே தீர்க்க நாளுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் வேண்டும். ஓடினால் 7 கிலோமீட்டர், தினமும். வாரம் இரண்டு முறை ஸ்குவாட் போடுகிற காலை வைத்துக்கொண்டு தினமும் 7 கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள், மூன்றாவது வாரத்தில் பார்பெல்லே பதில் சொல்லும்.

இந்த 200-ம் முழுதாகக் கைக்கு வருவதில்லை. 2021-ல் வந்த ஓர் ஆய்வு 1,754 பெரியவர்களின் ஆற்றல் செலவைப் பார்த்தது. உடலசைவில் கூடுதலாகச் செலவழித்ததில் சராசரியாக 28 சதவீதத்தை உடல் வேறு இடத்தில் மிச்சம் பிடித்துவிடுகிறது என்று தெரிந்தது. மானுடவியலாளர் ஹெர்மன் பான்ட்சர் 2012-ல் தான்சானியாவின் ஹட்சா வேட்டைச் சமூகத்தாரிடம் அளந்தபோதும் இதே திசையில்தான் முடிவு வந்தது. நாளெல்லாம் நடக்கிற அவர்களின் மொத்த ஆற்றல் செலவு, உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மேற்கத்தியர்களுடையதைவிட அதிகமாக இல்லை.

அன்றாடத்தில் இந்த மிச்சம் பிடித்தலைப் பார்க்கலாம். நான் சாதாரண நாட்களில் போன் வந்தால் நடந்துகொண்டேதான் பேசுவேன். கட்டிங் (தசையை வைத்துக்கொண்டு கொழுப்பைக் குறைக்கும் காலம்) கொஞ்சம் முற்றியதும் போன் அடித்தால் கை முதலில் நாற்காலியை இழுக்கிறது. செட்டுக்கு நடுவே உலாத்துவது நின்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். மாடிக்கு மறந்துவைத்த பொருளை எடுக்கப் போவது "அப்புறம் பார்க்கலாம்" ஆகிறது. இதில் எதையும் நாம் முடிவு செய்து செய்வதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் டிரெட்மில்லில் வேர்க்க விறுவிறுக்க நடந்தவரின் போனைப் பாருங்கள், அந்த ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டால் மீதி நாளின் ஸ்டெப் கணக்கு முன்பைவிடக் குறைந்திருக்கும். இந்தச் சின்னச் சின்ன அசைவுகள் ஆளுக்கு ஆள் எவ்வளவு வேறுபடும் என்பதற்கு 1999-ல் ஜேம்ஸ் லெவின் குழு மேயோ கிளினிக்கில் செய்த ஆய்வு நல்ல சாட்சி. 16 பேருக்கு எட்டு வாரம் நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோ கொழுப்புகூட ஏறவில்லை, இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல் ஏறியது. வித்தியாசத்தின் பெரும்பகுதி, அவரவர் தன்னையறியாமல் எவ்வளவு அசைந்தார் என்பதில் இருந்தது.

மெஷினும் கைக்கடிகாரமும் காட்டும் எண்ணை நம்பி, எரித்ததைத் திருப்பிச் சாப்பிடாதீர்கள். 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை ஒழுங்காகக் காட்டின. கலோரியில் மட்டும், இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது.

அப்படியென்றால் தட்டுக் கணக்கு மட்டும் சரியாக இருக்குமா? கண்ணளவில் போட்டால் இருக்காது. 1992-ல் நடந்த ஓர் ஆய்வில், "குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், எடை இறங்கவில்லை" என்றவர்கள் தாங்கள் உண்மையில் சாப்பிட்டதில் 47 சதவீதத்தைக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதில்லை, கண் அப்படித்தான். நம்பாதவர்கள் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி இதைச் செய்து பாருங்கள். எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல, யோசிக்காமல், கடாயில் ஒரு சுற்று ஊற்றுங்கள். பாட்டிலைத் திரும்பத் தராசில் வையுங்கள். மைனஸ் 22 என்று காட்டுகிறதா? கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, ஆக 198. ஒரு மணி நேர நடை அந்த ஒரு சுற்றில் போய்விட்டது. நட்ஸ், பீனட் பட்டர், சீஸ் இவற்றையும் இப்படியே வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு 550-ல் பாதி, பசியே கூடாமல் இங்கேயே கிடைத்துவிடும்.

இனி, சாப்பாட்டைக் குறைத்தால் தசை கரையும் என்ற பயம். கலோரி குறைவாக இருக்கும்போது தசையைக் காப்பது இரண்டு: கனமான வெயிட், போதுமான புரதம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2016-ல் வெளியான ஆய்வில் 40 இளைஞர்களுக்கு நான்கு வாரம் தேவையைவிட 40 சதவீதம் குறைவாகக் கொடுத்து, வாரம் ஆறு நாள் கடுமையாகப் பயிற்சி செய்ய வைத்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 4.8 கிலோ போனது, கொழுப்பில்லா எடை (கொழுப்பைக் கழித்த உடல் எடை, தசையும் இதில்தான் வரும்) 1.2 கிலோ கூடியது. 1.2 கிராம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ போனது, கொழுப்பில்லா எடை கூடவுமில்லை, குறையவுமில்லை என்று சொல்லலாம். அவர்கள் ஏற்கெனவே தேறிய பாடிபில்டர்கள் இல்லை, கூடுதல் எடையோடு ஆரம்பித்தவர்கள். அதனால் கட்டிங்கில் தசை ஏறும் என்று நீங்கள் எதிர்பார்க்க வேண்டாம். இருப்பது நிற்கும், அது போதும். 80 கிலோவுக்கு நாளுக்கு 150 முதல் 180 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேகமும் முக்கியம். நார்வேயில் 2011-ல் விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவை வாரம் 0.7 சதவீதமும் மற்றதை 1.4 சதவீதமும் எடை குறைக்கச் சொன்னார்கள். மெதுவாகக் குறைத்தவர்களுக்குக் கொழுப்பில்லா எடை 2 சதவீதம் போலக் கூடியது, அவசரப்பட்டவர்களுக்குக் கூடவில்லை. உங்கள் எடைக்கு வாரம் 400 முதல் 800 கிராம், அதிலும் கீழ்ப்பக்கமே நல்லது. சாப்பாட்டைப் பாதியாக்கச் சொன்ன நண்பர் இந்த இடத்தில்தான் தோற்கிறார்.

கட்டிங் வந்ததும் வெயிட்டைக் குறைத்து ரெப்பை (ஒரு செட்டில் தூக்கும் எண்ணிக்கையை) ஏற்றச் சொல்லும் மாஸ்டர்கள் இன்னும் இருக்கிறார்கள், "கட் விழும்", அதாவது தசைக் கோடுகள் தெரியும் என்று. விழாது. எந்தக் கனம் அந்தத் தசையைக் கட்டியதோ, அதே கனம் இருந்தால்தான் உடல் அதை வைத்துக்கொள்ளும். களைப்பு கூடினால் செட்டைக் குறையுங்கள், ஐந்து செட் போட்ட இடத்தில் மூன்று போடுங்கள், பார்பெல்லில் இருக்கும் கனத்தைக் கழற்றாதீர்கள். வயிற்றுப் பயிற்சியால் வயிற்றுக் கொழுப்பு போகாது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஓர் இடைச்செருகல். பாடிபில்டிங் போட்டி மேடை ஏறுபவரின் கார்டியோ அட்டவணை என்று இணையத்தில் கிடைப்பதைப் பார்த்து, காலை ஒரு மணி மாலை ஒரு மணி என்று ஆரம்பித்துவிடாதீர்கள். 1996-ல் வெளியான ஆய்வில் வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஏற்றிக்கொண்டவர்களுக்கு, பத்து வாரம் எந்தப் பயிற்சியும் செய்யாமலே 3 கிலோவுக்கு மேல் கொழுப்பில்லா எடை கூடியது. ஊசி போட்டுக்கொள்பவரின் உடல் தாங்குவதை வைத்து நமக்குத் திட்டம் போட முடியாது.

கார்டியோ வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதயத்துக்கு அது வேண்டும், கட்டிங் இல்லாத நாளிலும் வேண்டும். என் சண்டை, முதல் நாளே முழுவதையும் கொட்டுவதோடுதான். இருக்கிற சேமிப்பை எல்லாம் மாதப் பிறப்பிலேயே எடுத்துச் செலவழிப்பதைப் போன்றது அது. எடை இறங்குவது எப்படியும் ஒரு நாள் நிற்கும். அன்றைக்குக் கூட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

அந்த எல்லைக்கு வருவோம். உங்கள் பராமரிப்பு அளவு (எடை ஏறாமல் இறங்காமல் நிற்கத் தேவையான கலோரி) 2,650 போல இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 2,100-ல் புரதமும், தேவையான கொழுப்பும், பயிற்சிக்கு வேண்டிய மாவுச்சத்தும் தாராளமாக அடங்கும். இதே கேள்வியை 55 கிலோ எடையுள்ள ஒரு பெண் கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கும். அவருடைய பராமரிப்பே 1,800 என்றால், 550 குறைத்தபின் மிச்சம் 1,250. புரதத்தை வைத்தால் கொழுப்புக்கு இடமில்லை, கொழுப்பை வைத்தால் பயிற்சிக்குத் தெம்பில்லை. அவர் தட்டில் 250 மட்டும் குறைத்து, மீதிக்கு முடிந்தவரை நடந்து, வாரம் அரைக் கிலோ என்ற ஆசையையும் தளர்த்திக்கொள்வதே சரி. நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்து 3,000 ஸ்டெப்கூடத் தாண்டாதவருக்கும் ஆரம்பத்திலேயே நடையைக் கூட்டச் சொல்வேன்.

உங்களுக்கும் ஒருநாள் இது வரும். மூன்று வாரமாக இடுப்பளவும் சராசரி எடையும் அசையவில்லை என்றால், தட்டில் இன்னொரு 150 குறைப்பதா, நாளுக்கு 2,000 ஸ்டெப் கூட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். நான் பார்ப்பது இரண்டு. ராத்திரி பசியில் தூக்கம் கலைகிறதா? அப்படியானால் தட்டைத் தொடாமல் நடையைக் கூட்டுவேன். பசி பரவாயில்லை, கால்தான் கனக்கிறது, ஸ்குவாட் இறங்குகிறது என்றால் நடையை அப்படியே விட்டுத் தட்டில் குறைப்பேன். இரண்டும் சேர்ந்து வந்தால் எதையும் செய்யாமல் ஒன்றிரண்டு வாரம் பராமரிப்பு அளவுக்குச் சாப்பிடுவேன். கார்டியோ என்றால் எனக்கு வேகநடைதான் முதல், அடுத்து சைக்கிள். பளு தூக்குவதோடு மோதுவதில் ஓட்டம்தான் மோசம், கால் தசைக்கு அது கொடுக்கும் அடி அப்படி.

எப்போதும் குளிர்கிறது, பாலுணர்வு செத்துவிட்டது, பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றால் கட்டிங்கை நிறுத்த வேண்டும். மருந்து எதுவும் எடுக்காத ஒரு பாடிபில்டரைப் போட்டிக்குத் தயாரான காலம் முழுக்க அளந்து 2013-ல் வெளியிட்டார்கள். கொழுப்பு 14.8 சதவீதத்திலிருந்து 4.5-க்கு இறங்கியது. கூடவே டெஸ்டோஸ்டிரோன் கால்வாசியாகி, ஓய்வுநிலை இதயத் துடிப்பு 53-லிருந்து 27-க்குப் போனது. போட்டி முடிந்து சில மாதங்களில் மீண்டார் என்றாலும், வயிற்றில் கட் தெரிந்தால் போதும் என்று நினைக்கிற நமக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை.

உங்களுக்கு இப்போதைக்கு: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எல்லாவற்றையும் எடைபோட்டு எழுதுங்கள், தினமும் காலையில் எடை பாருங்கள். அப்புறம் 500 குறையுங்கள், எண்ணெயிலும் நொறுக்குத்தீனியிலும் ஆரம்பித்து. ஸ்டெப் இப்போது எவ்வளவோ அதற்குக் கீழே போகாமல் பிடித்துக்கொண்டால் போதும். முதல் வாரம் ஒன்றரைக் கிலோ இறங்கினால் குதிக்காதீர்கள், தசையில் சேமித்திருக்கும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் (சேமித்த மாவுச்சத்து) மூன்று கிராம் போலத் தண்ணீர் இருக்கும், அது போகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து வரும் சராசரிதான் உண்மையான எண். அதையும் தொப்புள் மட்டத்தில் எடுத்த இடுப்பளவையும் கீழே கமெண்டில் போடுங்கள், அடுத்து எதில் கை வைப்பது என்று பார்க்கலாம்.