பக்கத்து மெஷின்

அன்புள்ள சார்,

எனக்கு வயது 29. மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. இரண்டு வருடமாக மூன்று டேட்டிங் ஆப்களில் இருக்கிறேன். மதுரை என்று போட்டால் பத்து நிமிடத்தில் ஆட்கள் தீர்ந்துவிடுகிறார்கள். 'ஹாய்', 'சாப்டாச்சா' என்பதோடு பேச்சும் நின்றுவிடுகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு நேரில் பழகலாம் என்று நினைக்கிறேன். இந்த ஊரில் எங்கே போனால் பெண்கள் கிடைப்பார்கள்? தெப்பக்குளம் சரியாக இருக்குமா? இல்லை, பணம் கட்டி ஆப்பிலேயே தொடரலாமா?

ஒரு வாசகர், திருநகர்

அன்புள்ள தம்பி,

பணம் கட்ட வேண்டாம். தெப்பக்குளமும் வேண்டாம். சாயங்காலம் அங்கே நடக்க வரும் பெண்கள் நடக்கத்தான் வருகிறார்கள். சர்க்கரை குறைய வேண்டும், அரை மணி நேரமாவது வீட்டை மறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் குறுக்கே போய் நின்று 'ஹாய்' சொன்னால் மறுநாள் அவர்கள் வரமாட்டார்கள். அந்தப் பாவம் உங்களுக்கு எதற்கு?

'கிடைப்பார்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு ஆத்திரம். கீழமாசி வீதியில் துவரம்பருப்பு கிடைக்கும். விளக்குத்தூண் பக்கம் போனால் ஜிகர்தண்டா கிடைக்கும். பெண்கள் கிடைக்கமாட்டார்கள். ஆப்பைப் போனிலிருந்து அழித்துவிடுவீர்கள் சரி, உங்கள் வாயிலிருந்து அதை யார் அழிப்பது? ஊரையே இன்னொரு ஆப்பாக நினைத்துக்கொண்டு, எந்த மூலையில் சரக்கு அதிகம் என்று என்னிடம் விசாரிக்கிறீர்கள்.

சரி, திட்டியது போதும். உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் சிம்மக்கல்லில் ஒரு பழைய மாடிப்படிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மேலே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. இப்போது கீழே செல்போன் கவர் விற்கிறார்கள்.

1986. எனக்குக் காலை 6 மணி பேட்ச். வயசுப் பையனும் பெண்ணும் வீட்டாரின் முழுச் சம்மதத்தோடு தினம் ஒரு மணி நேரம் ஒரே அறையில் உட்கார்ந்தது எனக்குத் தெரிந்து அங்கே மட்டும்தான். பேச முடியாது. பத்து மெஷின் ஒன்றாக அடிக்கும்போது என்னத்தைப் பேச? மாஸ்டர் வேறு ஸ்கேலோடு சுற்றுவார். என் பக்கத்து ரெமிங்டன் மெஷினில் ஒரு பெண். முகத்தை நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவள் அடிக்கிற சத்தம் தெரியும். 'ஏ' எழுத்து வரும்போதெல்லாம் இடது சுண்டுவிரல் வலுவில்லாமல் ஒரு நொடி தயங்கும்.

மூன்று மாதம் கழித்து முதல்முறையாகப் பேசினாள். "உங்க மெஷின்ல மணி அடிச்சா என்னோடதுன்னு நெனச்சு நான் கேரேஜைத் தள்ளிடுறேன். பாதி வரி பாழாப் போகுது." (வரி முடியப்போகும்போது மெஷினில் ஒரு மணி அடிக்கும். உடனே காகிதம் சுற்றிய கேரேஜைத் தள்ளி அடுத்த வரிக்குப் போக வேண்டும். இதையும் விளக்க வேண்டிய காலம்.) அன்றிலிருந்து அவள் மணி அடிக்கட்டும் என்று நான் மெதுவாக அடித்தேன். லோயர் கிரேடு டைப்ரைட்டிங் பரீட்சைக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை வேண்டும். அவள் பாஸ், நான் ஃபெயில்.

2012ல் டிண்டர் ஆப் வந்த பிறகு படத்தைப் பார்த்து ஆளை விரலால் தள்ளுவது உலக வழக்கமாகிவிட்டது. அப்போதே அது இருந்திருந்தால் அவள் என்னை அரை நொடியில் தள்ளியிருப்பாள், முகமெல்லாம் பரு எனக்கு. தள்ளினால் கதை முடிந்தது. இன்ஸ்டிட்யூட்டில் தள்ள வழியில்லை. நாளைக்கும் 6 மணிக்கு அதே ஆள், அதே ஸ்டூல். பிடித்திருக்கிறதா இல்லையா என்று முடிவுசெய்ய யாருக்கும் அவசரம் கிடையாது. ஃபெஸ்டிங்கர் என்ற உளவியல் ஆய்வாளரும் அவரோடு இரண்டு பேரும் அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து 1950ல் ஒரு புத்தகம் போட்டார்கள். யாருக்கு யார் சிநேகிதம் என்று கணக்கெடுத்தால் மற்ற எவரையும்விட அதிகம் அடுத்த கதவுக்காரர்தான். மாடிப்படிக்குக் கீழே குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் சிநேகிதர்கள் கூடுதல். தெருக்குழாயில் குடத்தோடு நின்றவர்களுக்கு இதைப் புத்தகம் போட்டா சொல்ல வேண்டும்?

எங்கே போவது என்று கேட்டீர்கள், இல்லையா? பசுமைநடை என்று மதுரையில் ஒரு குழு இருக்கிறது, அவர்களோடு போங்கள். ஞாயிறு காலையில் கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி என்று மலைமலையாகக் கூட்டிப்போகிறார்கள். நடந்து முடித்ததும் சாப்பாடு உண்டு. ஒருமுறை போய்விட்டு 'யாரும் அமையவில்லை' என்று எனக்கு எழுதாதீர்கள். பத்து முறை போங்கள். இட்லி வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறுங்கள். சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கையைப் பாருங்கள், பக்கத்தில் நிற்பவர் யாரென்று அப்புறம் பார்க்கலாம்.

பக்கத்து மெஷின்காரியை நான் கட்டிக்கொள்ளவில்லை, அவசரப்படாதீர்கள். 1989ல் அவளுடைய கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. பந்தியில் என் இலைக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் ஒருத்தி தாண்டிப் போனாள், மணப்பெண்ணுக்குச் சித்தி மகள். கூப்பிட்டுக் கேட்டேன். தீர்ந்துபோச்சு என்றாள். இன்றைக்கும் என் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு அதையே சாதிக்கிறாள். எனக்கு அடுத்த இலையில் இரண்டு இருந்தது.