சுற்றுலா பாஸ் லாபமா?

கேள்வி: மூன்று நாள் பயணமாக ஒரு பெருநகரத்துக்குக் குடும்பத்தோடு போகிறோம். எல்லா இடங்களுக்கும் சேர்த்து விற்கும் சுற்றுலா பாஸை வாங்கலாமா? செலவைக் குறைக்க வேறு வழி உண்டா?

பதில்: முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய இடங்களுக்கு மேல் கால் ஒத்துழைக்காது. அந்த இரண்டின் நுழைவுக் கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள்; பாஸின் ஒருநாள் விலையைத் தாண்டவில்லை என்றால் பாஸ் வேண்டாம். பட்டியலை நீளமாகக் காட்ட, இலவச இடங்களையும் சேர்த்திருப்பார்கள், அவற்றை அடித்துவிடுங்கள்.

பலரும் ஏமாறுவது நேரக் கணக்கில். நாள் கணக்குப் பாஸை மாலை 4 மணிக்கு முதல்முறை ஸ்கேன் செய்தால் அன்றைய நாள் முழுதும் போச்சு. 24 மணி நேரப் பாஸ் என்றால் மறுநாள் 4 மணி வரை ஓடும். பாஸ் இருந்தாலும் சில இடங்களில் நுழைவு நேரத்தைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

அருங்காட்சியகங்களுக்கு இலவச நாள் உண்டா என்று அவர்களின் இணையதளத்திலேயே பாருங்கள். அன்று கூட்டம் நெரியும்; திறக்கும்போதே போய்விடுங்கள். வார விடுமுறை பெரும்பாலும் திங்கள், ஆனால் பாரிஸின் லூவர் செவ்வாயன்று மூடும். கடைசி நுழைவு, மூடுவதற்கு அரைமணி அல்லது ஒருமணி முன்பே முடிந்துவிடும்.

சுற்றுலாப் பேருந்துக்குப் பதில், நகரின் மையத்தைக் கடக்கும் சாதாரணப் பேருந்தில் ஜன்னலோரமாக உட்காருங்கள். 'இலவச' நடைச் சுற்றுலாவில் வழிகாட்டிக்கு வருமானமே டிப்ஸ்தான். அதையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.