பந்து வாங்குமுன் சிப்பிங் கிரீனுக்குப் போங்கள்

கோல்ஃப் கேள்வி – பதில்

கேள்வி: ஓய்வு பெற்றபின் கோல்ஃப் ஆட வந்தவன் நான். ஹேண்டிகேப் 24, சுமாரான ஆட்டம்தான். தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரை எடுத்தால் பந்து வலப்பக்கம் வளைந்து போகிறது. ஒரு நண்பர் 'புரோ வி1 பந்து வாங்கு' என்கிறார். இன்னொருவர், 'வயதாகிவிட்டது, மெத்தென்ற பந்துதான் உனக்குத் தூரம் போகும்' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: இருவருக்கும் ஆளுக்கொரு தே தாரேக் வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள், ஐயா.

முதலில் அந்த வளைவு. அடிக்கும் நொடியில் மட்டையின் முகம் வலப்பக்கம் திறந்திருப்பதால் வருவது அது. சுழற்சி குறைந்த பந்து கொஞ்சம் குறைவாக வளையும். காட்டுக்குள் போக வேண்டியது காட்டோரத்தில் கிடக்கும், அவ்வளவுதான். அதற்கு வாத்தியாரைப் பாருங்கள், கடையை அல்ல.

மெத்தென்ற பந்து மெதுவாக வீசுபவருக்குக் கூடுதல் தூரம் தரும் என்பது பெரும்பாலும் விளம்பரப் பேச்சு. உங்கள் வேகத்தில் வித்தியாசம் சொற்பம். கைக்கு இதமாக இருக்கிறது என்றால் வாங்குங்கள். அதுவும் நியாயமான காரணம்தான்.

நான் பார்ப்பது மேல்தோலை. விலை குறைந்த பந்துகளுக்குப் பெரும்பாலும் சர்லின் வகைத் தோல், கெட்டியானது, வழுக்கும். புரோ வி1 போன்றவற்றுக்கு யுரேத்தேன். டிரைவரில் அடித்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். குழி இருக்கும் புல்தரையான கிரீனிலிருந்து 50 மீட்டருக்குள் வந்ததும்தான் குணம் தெரியும். கிட்டத்து அடிக்கான வெட்ஜ் மட்டையின் முகத்தில் இருக்கும் வரிகள் யுரேத்தேனைக் கவ்விப் பிடிக்கும். வரி மழுங்காத வெட்ஜால் ஒரு சிப், அதாவது கிரீனை நோக்கி ஒரு சிறு அடி, அடித்துவிட்டுப் பந்தைத் திருப்பிப் பாருங்கள், தோலில் மயிரிழைக் கீறல் தெரியும். அந்தப் பிடிதான் பந்தை இரண்டு துள்ளலில் நிறுத்துவது.

ஆனால் நம் ஊர் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். சாயங்கால மழை பெய்த மறுநாள் புக்கிட் ஜம்புல் மைதானத்தில் கிரீன் மெத்தென்று கிடந்தால், உயரத்திலிருந்து விழும் எந்தப் பந்தும் நிற்கும். தாழ்வாக ஓடும் சிப்பில் மட்டும்தான் சர்லின் பந்து கையை மீறும். அதனால் சிப் பழகும் இடமான சிப்பிங் கிரீனில் இரண்டு வகையையும் மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள். எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே வித்தியாசம் தெரியவில்லையா? ஸ்ரிக்சன் சாஃப்ட் ஃபீல், கால்லவே சூப்பர்சாஃப்ட் போன்ற விலை குறைந்த பந்தே போதும். தெரிகிறதா? அப்போதும் புரோ வி1க்குத் தாவ வேண்டாம். ஸ்ரிக்சன் கியூ-ஸ்டார் டூர் யுரேத்தேன் தோல்தான், விலையும் குறைவு. ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் காசைக் குளத்தில் போட்டுவிட்டு அடுத்த அடியை யாரால் நிம்மதியாக அடிக்க முடியும்?

எதை எடுத்தாலும் அதையே தொடர்ந்து ஆடுங்கள். பைக்குள் ஐந்து வகைப் பந்தை வைத்துக்கொண்டு, சிப் ஏன் ஒரு நாள் நிற்கிறது, ஒரு நாள் ஓடுகிறது என்று என்னைக் கேட்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: கணவரின் பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி பந்து வாங்கித் தர ஆசை. எது நல்லது?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அவர் இல்லாத நேரம் பையைத் திறந்து, எது அதிகம் இருக்கிறதோ அதன் பக்கவாட்டில் உள்ள பெயரை அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். புரோ வி1, புரோ வி1எக்ஸ் இரண்டும் வேறு வேறு. அந்த ஓர் எழுத்தைக் கவனியுங்கள். 1, 2, 3 என்று இருப்பது தரம் அல்ல, ஆளுக்கு ஆள் பந்தை அடையாளம் காண்பதற்கு. அவர் பெயரை அச்சிட வேண்டாம், அம்மா. எந்தக் குளத்தில் யாருடைய பந்து என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: குளத்தில் எடுத்த பந்துகளை மூட்டையாக விற்கிறார்களே, வாங்கலாமா?
– வாசகர், கெப்போங்

பதில்: பழக மட்டும் வாங்கலாம். தண்ணீரில் எத்தனை நாள் கிடந்தது என்பது விற்பவருக்கே தெரியாது. மறுபடி சாயம் பூசியதைத் தொடாதீர்கள். சாயம் பந்தின் மேலுள்ள சிறு குழிகளை நிரப்பினால் பந்து பறக்கும் விதமே மாறிவிடும். குழியின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தட்டினால் சரி, வழுக்கினால் வேண்டாம்.

கேள்வி: கோல்ஃப் பந்து மலாயா ரப்பரில் செய்தது என்கிறார் நண்பர். என் தாத்தா பால்மரம் வெட்டியவர் என்பதால் நானும் விடவில்லை. இல்லை என்று பந்தயம் கட்டிவிட்டேன். யார் ஜெயித்தது?
– வாசகர், செந்தூல்

பதில்: 1848 வாக்கில் ஸ்காட்லாந்தில் வந்த பந்து கட்டாபெர்ச்சா என்ற பிசினால் ஆனது. மலாயாக் காடுகளில் தாபான் மரத்தைச் சாய்த்து எடுத்தது அது, பால்மரம் அல்ல. 1898இல் அமெரிக்காவில் ஹாஸ்கெல் என்பவர் ரப்பர் நூலைச் சுற்றிப் பந்து செய்தார். நூல் சுற்றிய பந்து அதன்பின் 20ஆம் நூற்றாண்டு முழுக்க ஓடியது. 2000இல் புரோ வி1 வந்தபிறகுதான் ஒழிந்தது. அந்த நூலில் உங்கள் தாத்தா வெட்டிய பாலும் சேர்ந்திருக்கலாம். இன்றைய பந்தின் உள்ளே இருப்பது பாலிபியூட்டடையீன் என்ற செயற்கை ரப்பர். பந்தயப் பணத்தில் பாதியைக் கொடுங்கள்.