அந்த யூமேட்டிக் கேசட்டுகளை மறுபடி ஓட்டாதீர்கள்

வணக்கம். சிகாகோவில் கறுப்பினக் கலை மையம் ஒன்றின் பரணில் 70களின் நாடக ஒத்திகைகளும், பல இனத்தார் கூடிப் பேசிய கூட்டங்களும் பதிவான 12 யூமேட்டிக் கேசட்டுகள் (அந்தக் கால வீடியோ டேப்புகள்) கிடைத்தன, ஒன்றைப் போட்டதும் கிறீச்சிட்டு நின்றது என்றீர்கள். அதோடு நிறுத்தினீர்களே, பிழைத்தது!

டேப்பின் பூச்சு ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்திருக்கும். மறுபடி ஓட்டினால் உரிந்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும், படமும் போச்சு. இதற்கென்றே உள்ள ஆய்வகங்களில் 50 டிகிரி வாக்கில் பல மணி நேரம் உலர்த்தி டிஜிட்டலாக்குவார்கள். வீட்டு ஓவனில் (சூட்டடுப்பில்) முயலவே வேண்டாம். கேசட்டின் அடியிலுள்ள சிவப்புக் குமிழை இப்போதே கழற்றிவிடுங்கள். தவறிப்போய் மேலே எதுவும் பதிவாகாது.

பணம் போதாவிட்டால் கூட்டப் பதிவுகளை முதலில் அனுப்புங்கள். நாடகத்துக்கு எழுத்துப் பிரதி எங்காவது இருக்கும். பேச்சுக்கு இந்த டேப் ஒன்றுதான். டிஜிட்டலாகி வந்ததும், யார் யார் பேசுகிறார்கள் என்று மையத்துப் பெரியவர்களை உட்காரவைத்து, நேரக்குறிப்போடு எழுதிக்கொள்ளுங்கள்.

நிர்வாகக் குழு இழுத்தடித்தால் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் கதையைச் சொல்லுங்கள். அங்கு நடந்த 1969 கலைவிழாவைத் தொலைக்காட்சி இயக்குநர் ஹால் டல்சின் சுமார் 40 மணி நேரம் பதிந்துவைத்தார். அதில் பெரும்பகுதி அரை நூற்றாண்டு சீந்துவாரின்றிக் கிடந்து, 2021இல்தான் படமாக வெளிவந்தது.