ஒரே ஒரு ஆளுக்கு ஒரு சட்டம்

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு வங்கியில் நகையைத் திருப்ப டோக்கன் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவரை நேரே உள்ளே கூட்டிப்போனார்கள். கேட்டால், 'அவர் பிரிவிலேஜ் கஸ்டமர்' என்கிறார்கள். அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்?
– வாசகர், வலங்கைமான்

பதில்: உங்கள் எரிச்சலுக்கான காரணம் அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது சார். லத்தீனில் 'பிரீவுஸ்' என்றால் தனி, ஒற்றை. 'லெக்ஸ்' என்றால் சட்டம். இரண்டும் ஒட்டி 'பிரிவிலேகியும்' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், ஒரே ஒரு ஆளுக்கு வேறு சட்டம், அவ்வளவுதான். நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிரைவேட் பஸ்ஸில் அதன் முன்பாதி இருக்கிறது, லீகல் நோட்டீஸில் பின்பாதி. ('லா' மட்டும் லத்தீன் இல்லை, அது ஸ்காண்டிநேவியா பக்கத்துச் சரக்கு.)

வேடிக்கை என்னவென்றால், ஆரம்பத்தில் அது வெறும் சலுகை இல்லை. ஒருத்தரைக் கவிழ்ப்பதற்கென்றே போட்ட சட்டமும் பிரிவிலேகியும்தான். கி.மு. 450 வாக்கில் ரோமர்கள் எழுதிவைத்த பன்னிரண்டு பலகைச் சட்டமே இந்த மாதிரி தனி ஆள் சட்டம் கூடாது என்றதாக ரோமானிய வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான சிசரோ எடுத்துக்காட்டுகிறார். அவருக்கு அந்த வலி தெரியும், கி.மு. 58-ல் குளோடியஸ் என்ற எதிரி அவர் பேரைச் சொல்லியே ஒரு சட்டம் கொண்டுவந்து ஊரைவிட்டுத் தள்ளிவைத்தார், வீட்டையும் இடித்தார்கள். நல்லவேளை, மறுவருஷமே திரும்பிவிட்டார்.

நம்ம பக்கம் சோழர் கல்வெட்டுகளில் 'இறையிலி' என்று வரும். இறை என்றால் வரி. அது இல்லாத நிலம், கோயிலுக்கு விட்டதோ, பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேயமோ. என்ன விலக்கு என்பதைச் சொல்லே ஒளிக்காமல் சொல்லிவிடும். இப்போது நாம் எழுதுகிற 'சிறப்புரிமை' அப்படி இல்லை, ஏதோ பரிசு வாங்கினது மாதிரி தொனிக்கிறது! சட்டமன்றத்தில் பிரிவிலேஜ் மோஷனை 'உரிமை மீறல்' என்று சொல்லி அந்தச் 'சிறப்'பையும் உதிர்த்துவிட்டோம். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற 14-வது பிரிவு இருக்கிற அதே அரசியலமைப்பில்தான் எம்.எல்.ஏ.க்களுக்கு இதைக் கொடுக்கும் 194-ம் இருக்கிறது.

சரி, நல்ல தமிழ்ச் சொல் வேண்டுமா? முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாளில் ஒருத்தர் வயலுக்கு மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக மதகைத் தூக்கிவிட்டால், கடைமடைக்காரர் வரப்பில் நின்று ஒரு வார்த்தை சொல்வாரே, அதுதான். இங்கே அச்சடிக்க முடியாது.