பட்டறையை ஊருக்கு வெளியே மாற்றலாமா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வாடகைக் கட்டடத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். வண்டி நிறுத்தக்கூட இடமில்லை. என்னிடம் வேலை பார்ப்பவர்களுக்கு நகரத்து வீட்டு வாடகை கட்டுப்படியாகவில்லை. வாழப்பாடிப் பக்கம் உறவினர் ஒருவர் குறைந்த வாடகைக்கு இடம் தருகிறார். பட்டறையை அங்கே மாற்றிவிடலாமா? எல்லோரும் இப்படிக் கிராமத்துக்குப் போனால் நகரத்தின் நெரிசலும் தீருமே?
— வாசகர், சேலம்

பதில்: உங்கள் எண்ணம் உயர்வானது. ஆனாலும், நீங்கள் மட்டும் தனியாக வாழப்பாடிக்குப் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

ஒரு ஜோடி கொலுசு உருவாகும் வழி உங்களுக்குத் தெரியாததல்ல. வெள்ளியை உருக்குவது ஓரிடம், கம்பி இழுப்பது வேறிடம், கண்ணி கோத்துப் பற்றவைப்பது ஒருவர் வீட்டுத் திண்ணை, சலங்கை வைப்பது அடுத்த தெரு, மெருகேற்றுவது இன்னொருவர் பட்டறை என்று, கடைக்கு வருமுன் அது பல கைகள் மாறுகிறது. அந்தக் கைகளெல்லாம் இங்கேயே இருக்க, உங்கள் பட்டறை மட்டும் முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால், இரண்டு தெரு தாண்டிச் சென்ற வண்டி இனி நெடுஞ்சாலையில் வெள்ளியோடு போய்வர வேண்டியிருக்கும். நெரிசல் குறையாது; உங்களுக்குக் கவலைதான் கூடும்.

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் இயங்குகிறதே என்று நீங்கள் கேட்கலாம். மென்பொருள் இணைய வழியில் போய்ச் சேர்ந்துவிடும். கொலுசைக் கையில்தான் கொண்டுபோக வேண்டும். நமக்குப் பொருத்தமான முன்மாதிரி இளம்பிள்ளை. தறியும் சேலை வியாபாரமும் ஒரே ஊரில் சேர்ந்து வளர்ந்ததால்தான் அங்கே வியாபாரிகள் தேடி வருகிறார்கள்.

சேலத்திலிருந்து இளம்பிள்ளைக்குப் போகும் சாலையில் உள்ள சிவதாபுரம், பனங்காடு பகுதிகளில் கொலுசு வேலை ஏற்கெனவே நடக்கிறது. அங்கே இடம் பாருங்கள். முடிந்தால் உங்களுக்குக் கம்பி இழுத்துத் தருபவரையும் மெருகு போடுபவரையும் பேசி உடன் அழைத்துச் செல்லுங்கள். விற்பனையும் கணக்கும் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சிறு அறையில் தொடரட்டும். நகரத்தின் நெரிசலைக் குறைக்கும் இடமாற்றம் என்றால், சேர்ந்து செய்யும் வேலைகள் சேர்ந்தே நகர்வதுதான்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், உங்களிடம் வேலை பார்ப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேளுங்கள். வாடகை குறைகிறது என்பதற்காகப் பள்ளியை மாற்ற எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள். பெண்களுக்கு அரசின் சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணமில்லை என்பதால், அந்தப் பேருந்து செல்லும் தடத்தில் பட்டறை அமைந்தால் அவர்களுக்கு அது பெரிய உதவி. மாலையில் வேலை முடியும் நேரத்துக்குப் பேருந்து உண்டா என்பதை நேரில் போய் நின்று பாருங்கள்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மெருகு வேலையின் அமிலக் கழிவுநீரை அங்கே வெறும் நிலத்தில் விட்டுவிடாதீர்கள். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் திருமணிமுத்தாறு நம் நகரத்துக்குள் என்ன பாடுபட்டிருக்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறோம். கிராமத்துக் கிணற்றுக்கும் அந்தக் கதி வரக்கூடாது. கழிவைச் சுத்திகரிக்க வழியில்லாத இடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

மும்முனை மின் இணைப்பு, உள்ளாட்சி உரிமம் ஆகியவை பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். புதிய இடத்தை ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் தொழிலிடமாகச் சேர்த்த பிறகே வெள்ளியை அங்கே கொண்டுசெல்லுங்கள்.